பித்தளையில் விழாத கீறல்

அத்தியாயம் 9

டிசம்பர் முப்பதாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு வெர்னா கிங்ரிச்சுக்கு மூன்று பேரை நினைத்தாலே குமட்டியது. ஒரே மணி நேரத்தில் கேஸை முடித்துவிட்டு, கிறிஸ்துமஸ் விருந்தில் மிச்சம் இருந்த பன்றித்தொடையைச் சாப்பிடப் போன போலீஸ்காரர்கள் முதலாவது. செய்யாத கொலையைச் செய்தேன் என்று நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கோர்ட்டில் கையெழுத்துப் போடப்போகிற வெஸ் ட்ராட்மன் இரண்டாவது. மூன்றாவது ஆள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டையைத் தின்றுகொண்டிருந்தான். அவன் பெயர் ஃபிளாய்ட். தனியார் துப்பறிவாளரான அவளுடைய உதவியாளன்.

"வண்டிக்குள்ள தின்னாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"மோப்பம் பிடிக்கிற தொழில்ல இருக்கோம் பாஸ். மூக்குக்கும் பயிற்சி வேணாமா?"

"கண்ணாடியை இறக்கு."

"வெளியில மைனஸ் ஆறு."

"இறக்கு."

இறக்கினான். ஃபிளாய்ட் குள்ளம். கையும் காலும் அதற்கேற்ற அளவு. பதினெட்டு வருஷம் மான் கறி வெட்டும் கடையில் நின்றவன். கத்தியை வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தபோதும் வாயை மட்டும் கீழே வைக்கவில்லை.

வெர்னா கோட்டுப் பையிலிருந்து இரண்டு காகித உறைகளை எடுத்தாள். இரண்டிலும், இந்தப் பக்கத்து வேட்டைக்காரர்கள் எல்லாரும் வாங்கும் நீலக்கோடு போட்ட தலையணைத் துணியில் வெட்டிய வட்டத் துண்டு ஒவ்வொன்று. இரண்டும் கருகி எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தன.

பென்சில்வேனியாவின் இந்த மலைப்பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் யாரும் வீட்டில் இருப்பதில்லை. சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே ஒதுக்கிய மான் சீசன் அன்றைக்குத்தான் திறக்கும். கல் உரசிப் பொறி பறந்தால் வெடிக்கும் துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே குண்டு. அந்த முதல் நாள் காலையில்தான் டஸ்ஸி மலைச்சரிவில் ஹார்லன் மோயர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், நெஞ்சில் ஈயக்குண்டு பாய்ந்து செத்தார். கீழே ஓடைக்கரையில் நின்றிருந்த வெஸ், தான் ஒரு பெண்மானைச் சுட்டதாகவும் குறி தவறிவிட்டதாகவும் தானே வந்து சொன்னான். அந்தக் குண்டுதான் என்று போலீஸ் முடிவு கட்டியது. காசு வாங்காமல் வாதாட முன்வந்த கார்ல்டன் ஸ்வைகார்ட் வக்கீலும், ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்றார். நாலு நாள் எல்லாரும் சொன்னதையே சொன்னதில் வெஸ்ஸுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

காலையில் ஜெயிலில் அவனைப் பார்த்தபோது, அந்த ஆறடி நாலங்குல உடம்பைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான்தான் போலிருக்கு மேடம். அவர் பஸ்லதான் பள்ளிக்கூடம் போனேன்" என்றான். எட்டு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி ஜோயன், வக்கீலுக்குத் தெரியாமல் வெர்னாவைத் தேடி வந்தவள், வெளியே பெஞ்சில் இருந்தாள். பிள்ளை பிறக்கும்போது அப்பன் உள்ளே இருப்பான் என்ற நினைப்பில் அவள் முகம் வெளுத்திருந்தது.

"சொல்லு. ஓடைக்கரைத் துணி?" என்றாள் வெர்னா ஃபிளாய்டிடம்.

"எட்டு வரி."

"மேல் பாதைல, ஊசியிலை மரத்தடில நீ எடுத்தது?"

"ஏழு. நாலு தடவை எண்ணிட்டேன். வேணும்னா முட்டையை வெச்சுட்டு அஞ்சாவது தடவை எண்றேன்."

கரிமருந்தைக் குழலின் வாயில் கொட்டி, எண்ணெய் தடவிய துணியில் குண்டைச் சுற்றிக் குச்சியால் அடிவரை இடிக்க வேண்டும். சுட்டால் குண்டு பறந்துவிடும்; துணி சுற்றியிருந்ததால் அதில் அச்சு எதுவும் விழாது. துணி மட்டும் முப்பது அடி தள்ளி விழும். குழலுக்குள் சுழலாக வெட்டியிருக்கும் காடிகளின், அதாவது பள்ளங்களின், அச்சு அதில் வரி வரியாய்ப் பதிந்திருக்கும். வெஸ்ஸின் துப்பாக்கிக்கு எட்டுக் காடி. மேல் பாதையில் நின்று சுட்டவனுடையதற்கு ஏழு. போலீஸிடம் சொன்னதற்கு, "எவனோ எப்பவோ சுட்டிருப்பான்" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். துப்பாக்கியையே கொண்டுவந்து காட்டினால்தான் கேட்பார்கள்.

"இப்போ நான் யாரு?" என்றாள் வெர்னா.

"முதல் தடவையா துப்பாக்கி வாங்க வந்த பணக்காரி."

"நீ?"

"பணக்காரியோட முட்டை."

எல்வுட் ஷ்ரேடரின் கடையில் இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்க ஒற்றைக்குண்டுத் துப்பாக்கிகள். எல்வுட் எழுபதைத் தொட்டவர். கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்" என்றாள் வெர்னா. "மானுக்கும் ஆகணும். ஞாயித்துக்கிழமை குறிப்பலகைல போட்டிக்கும் ஆகணும்."

"ஒரே செருப்புல சர்ச்சுக்கும் போகணும், சாணி அள்ளவும் போகணும்கிறீங்க."

"முடியாதா?"

"முடியும். ஆனா அழகைப் பாத்து வாங்கக் கூடாது." எல்வுட் எழுந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முகம் மலர்ந்தது. "போட்டிக்கு நீளக்குழல் நல்லது. முன்பக்கம் கனம் இருந்தா குறி ஆடாது. ஆனா அதைத் தூக்கிட்டுப் புதருக்குள்ள நுழைஞ்சா கிளைதான் உங்களைச் சுடும். வாய் சின்னதா இருந்தா உதைக்காது, பலகைல ஓட்டை மேல ஓட்டை போடலாம். மானுக்கு அது பத்தாது. அடிபட்டு ஓடிப்போய் எங்கயாவது கிடந்து சாகும். அது பாவம். அரை அங்குல வாய் எடுங்க. ரெண்டுக்கும் ஆகும்."

"காடி?"

"உருண்டைக் குண்டுன்னா காடி மெதுவாச் சுத்தணும். அவசரமாச் சுத்தினா குண்டு பிடி தவறும்." ஒன்றை எடுத்து நீட்டினார். "எல்லாத்தையும் விட முக்கியம் இது. தோள்ல வைக்கற மரக்கட்டையோட பின்பக்கத்தை முழங்கை மடிப்புல வைங்க. விரல் மடங்கி விசைல உக்காரணும். இல்லன்னா அடுத்தவன் சட்டையைப் போட்ட மாதிரிதான். எவ்வளவு நல்ல துப்பாக்கியா இருந்தாலும் சுட வராது."

வெர்னா வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதற்குள் ஃபிளாய்ட் ஒவ்வொரு குழலின் வாயிலும் கண்ணை வைத்து முணுமுணுத்துக்கொண்டே வரிசையாகப் போனான்.

"எட்டு. எட்டு. ஆறு. எட்டு..."

"யோவ், பல்லைப் பிடிச்சு எண்றியே, குதிரையா வாங்க வந்திருக்கே?"

"எங்கம்மாவுக்கு ஏழுதான் ராசி" என்றான் ஃபிளாய்ட். "அவங்க ஏழாவது பிள்ளை நான். அதுக்கப்புறம் அப்பா வீட்டை விட்டே ஓடிட்டார்."

எல்வுட் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையால செய்யற பழைய ஆளுங்கதான் ஏழு வெட்டுவாங்க. உள்ள ஒண்ணு கிடக்கு. காட்டவே கூசுது."

"காட்டுங்க" என்றாள் வெர்னா.

சாம்பல் நிறப் போர்வையில் சுற்றியிருந்ததைக் கொண்டுவந்து மேஜையில் பிரித்தார். தேன் நிற மேப்பிள் கட்டையில் புலிவரி ஓடியது. கன்னம் படும் இடத்தில் வெள்ளி நட்சத்திரம். வலப்பக்கத்தில், துணித்துண்டுகள் வைக்கும் சின்ன அறைக்குக் கொடி வேலைப்பாடு செய்த பித்தளை மூடி.

அப்புறம் நாற்றம் வந்தது.

முட்டையை வாய்க்குக் கொண்டுபோன ஃபிளாய்டின் கை பாதியில் நின்றது. "பாஸ், சத்தியமா இது என் முட்டை இல்லை."

"கரிமருந்துக் கசடு" என்றார் எல்வுட். முகம் சுருங்கியது. "சுட்ட அன்னிக்கு சாயங்காலமே வெந்நீர் ஊத்திக் கழுவணும். எங்க ஊர்ல கல்யாணம் நடந்தாலும், சாவு விழுந்தாலும், அதைச் செஞ்சுட்டுத்தான் மறுவேலை. இதை ரெண்டு மூணு நாள் அப்படியே போட்டிருக்கான். உள்ள பாருங்க, துரு அரிச்சிருக்கு. இப்பேர்ப்பட்ட பொருளை இப்படிப் பண்ணினவனை இந்தக் குழலுக்குள்ளயே வெச்சு இடிக்கணும்."

ஃபிளாய்ட் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்தான். நிமிர்ந்தபோது ஒரு கையில் ஐந்து விரலும் இன்னொரு கையில் இரண்டும் நீட்டியிருந்தான்.

வெர்னா எல்வுட்டின் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் கழுவலை?"

"தொடாதேன்னு உத்தரவு. இருக்கற மாதிரியே வெளி மாநிலத்துக்காரன் தலையில கட்டிடுன்னு சொல்லிட்டார் வக்கீல்."

"எந்த வக்கீல்?"

"ஸ்வைகார்ட். முந்தாநாள் கொண்டுவந்தார். அவரோடதுன்னு நினைச்சுடாதீங்க, அவர் தன் துப்பாக்கியைக் குழந்தை மாதிரி வெச்சிருப்பார். இது வெஸ் ட்ராட்மனோடதாம். அந்தப் பையன் ரெண்டாவதா எங்கயோ வாங்கினானாம். பிரசவச் செலவுக்கு வித்துக் கொடுக்கச் சொன்னானாம்."

ஏழு காடித் துப்பாக்கியைத் தேடி மூன்று நாள் அலைந்தாகிவிட்டது. கிடைத்தும் விட்டது. ஆனால் அது வெஸ்ஸுடையது. மேல் பாதையில் நின்று சுட்டவனும் அவனேதான் என்று நாளைக்குப் போலீஸ் சொல்லும். இவளே போய் அவன் கழுத்தில் இரண்டாவது சுருக்கையும் மாட்டியதாக ஆகும். வெர்னாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"பாஸ்" என்றான் ஃபிளாய்ட் மெதுவாக. அவனுக்கே கிண்டல் எதுவும் தோன்றவில்லை என்பது நிலைமை எவ்வளவு மோசம் என்று சொன்னது.

வெர்னா அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். எல்வுட் சொல்லிக்கொடுத்தபடி கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தாள். அவள் விரல் விசையைத் தாண்டி முன்னால் போய் நின்றது. கட்டை குட்டை. சட்டென்று திரும்பி ஃபிளாய்டிடம் நீட்டினாள்.

"நீ வெச்சுப் பாரு."

வைத்தான். விரல் விசையில் அச்சாக உட்கார்ந்தது.

"எல்வுட், வெஸ்ஸுக்குத் துப்பாக்கி வித்தது நீங்கதானே?"

"ஆமா. அந்தப் பனைமரத்துக்கு எந்தக் கட்டையும் எட்டலை. நானே பின்னாடி ஒரு அங்குலம் ஒட்டுப் போட்டு..." அவர் நிறுத்தினார். ஃபிளாய்டின் கையைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். "இதை வெச்சு அவன் எப்படிச் சுடுவான்? கட்டைவிரல் மூக்கை உடைச்சிருக்குமே!"

வெர்னா தன் அடையாள அட்டையை மேஜையில் வைத்தாள். எல்வுட் முதலில் அவள்மேல் கோபப்பட்டார், பொய் சொல்லிக் கடைக்குள் வந்ததற்கு. பிறகு அந்தக் கோபம் மெல்ல அந்தக் குள்ள வக்கீலின் பக்கம் திரும்பியது.

"சீசன் முதல் நாள் ஸ்வைகார்ட் எங்கே இருந்தார்?"

"முதுகுவலின்னு வீட்ல படுத்திருந்தார். இருபது வருஷத்துல அதுதான் முதல் தடவை."

"படுத்திருந்தவர் அன்னிக்கு சாயங்காலம் அடுப்படியில வெந்நீர் வெச்சுக் குழல் கழுவினா, வீடு முழுக்க இந்த நாத்தம் அடிக்கும். பெண்டாட்டி கேப்பா."

"அதான் கார் டிக்கில போட்டு வெச்சிருக்கார்" என்றான் ஃபிளாய்ட். "எனக்கு ஒண்ணுதான் புரியலை. ஆத்துல வீசியிருக்கலாமே?"

வெர்னா புலிவரி ஓடிய கட்டையைத் தடவினாள். "இதை வீச அவருக்கு மனசு வரலை."

எல்வுட் தலையைச் சொறிந்தார். "இப்படி ஒரு துப்பாக்கி அவர்கிட்ட இருந்ததே இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. புத்தாண்டுப் போட்டிக்கு ஒரு புதுசு வெச்சிருக்கேன், எல்லாரும் வாயைப் பிளக்கப்போறீங்கன்னு போன மாசம் சொன்னார். ஆனா கோர்ட்ல இது போதுமா? கை குட்டையான ஆளுங்க ஊர்ல நூறு பேர் இருப்பாங்க."

"இருப்பாங்க. இந்தப் பித்தளை மூடி எப்படித் திறக்கும்?"

"அதுதான் எனக்கும் தெரியலை. செஞ்சவன் எங்கயோ ரகசிய விசை வெச்சிருக்கான். ரெண்டு நாளா அமுக்காத இடம் இல்லை. சொந்தக்காரனுக்குத்தான் தெரியும்."

வெர்னா முதல்முறையாகச் சிரித்தாள். அதுவும் நல்ல சிரிப்பாக இல்லை. "வாங்க ஆள் வந்தாச்சுன்னு போன் பண்ணுங்க. ஒரு கையெழுத்து வேணும்னு சொல்லுங்க. அப்புறம், உங்க கடையில இருக்கறதுலயே மட்டமான ஸ்க்ரூடிரைவர் எது?"

ஸ்வைகார்டின் அலுவலகம் எதிர்ச்சாரியில்தான். ஏழு நிமிஷத்தில் வந்தார். குள்ளமான, மிருதுவான மனிதர். குரலில் வெண்ணெய் தடவியிருந்தது. வந்ததும் வராததுமாகக் கோட்டுப் பையிலிருந்து பழுப்பு நிறக் கசப்பு மிட்டாய்களை எடுத்து ஆளுக்கொன்று நீட்டினார்.

"தொண்டைக்கு நல்லது, எடுத்துக்கங்க. நீங்கதானா வாங்கறவங்க? ஒரு ஏழைக் குடும்பத்துக்கு உதவி பண்றீங்கம்மா. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்."

வெர்னா மிட்டாயை வாங்கி மேஜையில் வைத்தாள். "துப்பாக்கி பிடிச்சிருக்கு சார். ஆனா இந்த மூடி திறக்கலை. உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கா?" வக்கீல் கையை விரித்தார். "அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அந்தப் பையன் கொட்டகையில போர்வை சுத்திக் கிடந்தது. பிரிச்சுக்கூடப் பாக்கலை, அப்படியே கொண்டுவந்து எல்வுட் கைல கொடுத்தேன்."

"பிரிக்கவே இல்லை?"

"ஒரு தடவைகூட இல்லை."

"உள்ள துரு இருக்கான்னு தெரியாம நான் வாங்க மாட்டேன்."

"அதுக்கென்ன, நெம்பிட்டாப் போச்சு" என்ற எல்வுட், பெயிண்ட் டப்பா திறந்து திறந்து முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் கோணும். கொஞ்சம் கீறும். வாங்கறவங்களே சரின்னா நமக்கென்ன?"

"எல்வுட், அது... விட்டுடேன்" என்றார் வக்கீல்.

"ஏன் சார்? வெஸ்ஸோட சாமான்தானே?" என்றான் ஃபிளாய்ட். "நம்ம வீட்டுதா?"

எல்வுட் துப்பாக்கியை மேஜைமேல் புரட்டிப்போட்டார். வக்கீலின் தோள் குலுங்கியது. ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கொடி வேலைப்பாட்டின் ஓரத்தில் செருகினார் எல்வுட். வக்கீலின் நெற்றியில், அடுப்புக்கு அவ்வளவு தள்ளி நின்றும், வேர்வை துளிர்த்தது. எல்வுட் சுத்தியலைத் தேடிக் கையை நீட்டினார். எடுத்தார். ஓங்கினார்.

"யோவ், நிறுத்துய்யா! காட்டுமிராண்டி! என்ன வேலைப்பாடுன்னு தெரியுமாய்யா உனக்கு?"

பாய்ந்து வந்து துப்பாக்கியைப் பிடுங்கினார் வக்கீல். மார்போடு அணைத்துக்கொண்டார். கட்டை அவருடைய முழங்கை மடிப்பில் போய் அடங்கியது. அவர் மூடியைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் தானாகவே கட்டையின் அடிப்பக்கம் போய், ஆணித்தலை மாதிரி இருந்த ஒன்றை அமுக்கியது.

டக்.

மூடி திறந்துகொண்டது.

உள்ளே நீலக்கோட்டுத் துணித்துண்டுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவற்றின்மேல், கொழுப்பில் ஒட்டிப் பிசுபிசுத்து, நூலும் தூசியும் அப்பிய இரண்டு பழுப்பு மிட்டாய்கள் இருந்தன.

"தொண்டைக்கு நல்லது" என்றான் ஃபிளாய்ட். "போர்வைக்கு வெளியில இருந்தே உள்ள போட்டீங்களா சார்? பெரிய வித்தைக்காரர்தான் நீங்க."

எல்வுட் கதவைத் தாழிட்டுவிட்டுப் போனை எடுத்து, போலீஸுக்குப் பேச ஆரம்பித்தார். வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்தார். வெண்ணெயெல்லாம் போய்விட்டது, குரல் உலர்ந்திருந்தது.

"மான்னு நினைச்சேன். அவர் பழுப்புக் கோட்டு போட்டிருந்தார். புதுத் துப்பாக்கியைச் சும்மா ஒரு தடவை பழகிப் பாக்கலாம்னு யாருக்கும் சொல்லாமப் போனேன். விபத்தும்மா. சத்தியமா விபத்து."

"விபத்துதான். நான் நம்பறேன்" என்றாள் வெர்னா. "அன்னிக்குக் காலைல நடந்தது விபத்து. அதுக்கப்புறம் தினமும் ஜெயிலுக்குப் போய், எதிர்ல உக்காந்து, மிட்டாய் கொடுத்து, 'நீதான் கொன்னே, நீதான் கொன்னே'ன்னு அந்தப் பையன் மண்டையில ஏத்தினீங்களே, அது என்ன?"

வக்கீலின் கட்டைவிரல் பித்தளை மூடியின் கொடி வேலைப்பாட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

"அவன் வாழ்க்கை கிழிஞ்சா பரவாயில்லை. பித்தளைல கீறல் விழக்கூடாது. அப்படித்தானே?"

வக்கீல் மடியில் கிடந்த துப்பாக்கியின் மூடியைக் குனிந்து பார்த்தார். அங்கே அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, வாயால் ஊதி, அதைத் துடைக்க ஆரம்பித்தார். சாட்சியை அழிக்கிற துடைப்பு இல்லை அது. பளபளப்பு கெட்டுவிடக் கூடாதே என்ற துடைப்பு.

ஃபிளாய்ட் டப்பாவை மூடி மேஜைமேல் வைத்தான். "பாஸ், எனக்கு இனிமே முட்டை இறங்காது."

வெர்னா வெளியே வந்தாள். குளிர்க்காற்றை நெஞ்சு நிறைய இழுத்தும் அந்த நாற்றம் மூக்கைவிட்டுப் போகவில்லை. போனில் ஜோயனைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அந்தப் பெண்.

"மேடம்? என்ன ஆச்சு மேடம்?"

"வெஸ் எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம். யார் சுட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு. இப்பவே கிளம்பிப் போய் அவன்கிட்ட ஒண்ணு சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"அவன் ஒரு மானைக் குறி தவறவிட்டான். அவ்வளவுதான் அவன் பண்ணினதுன்னு சொல்லு."

மறுமுனையில் ஜோயன் அழ ஆரம்பித்தாள். வெர்னா போனை வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.